9 பக்கக் கட்டுரை, 28 ஆண்டுப் பயணம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் நம் கல்லூரி மின்னணுவியல் துறையின் முன்னாள் மாணவர். சிப் வடிவமைப்பில் பணிபுரியும் பொறியாளர்.)



செயலாளர் அண்ணன் போனில் அழைத்து, "மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுப்பா, அரை மணி நேரத்தைத் தாண்டாதே" என்றார். என் போன்றவர்களை மேடையேற்றினால் வழக்கமாக இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது, பயோடேட்டா எப்படி எழுதுவது என்றுதான் சொல்வோம். அதையெல்லாம் நீங்கள் கைபேசியிலேயே பார்த்துக் கொள்கிறீர்கள். ஆகவே நான் வேறொன்றைக் கையில் எடுத்து வந்திருக்கிறேன். ஒரு கட்டுரை. ஒரே ஒரு கட்டுரை. மொத்தம் 9 பக்கம். 1967ஆம் ஆண்டு ஜனவரியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சி இதழில் அச்சானது. எழுதியவர் பெயர் ராபர்ட் டோமசுலோ.

ஏன் இந்தக் கட்டுரை? இறுதியாண்டு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, மேல்படிப்புக்கு அப்ளை பண்ண எத்தனை பேப்பர் போட்டிருக்கணும்?" கேள்வியைக் கவனியுங்கள். 'எத்தனை' என்றுதான் கேட்கிறார்கள். எதைப் பற்றி என்று யாரும் கேட்பதில்லை. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும், கல்லூரிகளின் தர மதிப்பீட்டுக்கும் எண்ணிக்கை ஒரு கணக்காகிவிட்டது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சேற்றித் தருகிற இதழ்களும் முளைத்துவிட்டன. இந்த நிலையில் ஒரு கட்டுரை எப்படி உலகத்தில் வேலை செய்கிறது, எத்தனை நாள் கழித்துச் செய்கிறது, யார் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதை ஓர் உண்மையான உதாரணத்தை வைத்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

டோமசுலோ 1934இல் பிறந்தவர். 1956இல் ஐ.பி.எம்.மில் சேர்ந்தார். பேராசிரியர் அல்லர், கம்பெனியில் வேலை பார்த்த பொறியாளர். இந்தக் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 32. இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் பலரைவிடச் சின்னவர்.

அந்தக் காலத்துச் சூழ்நிலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1964 ஏப்ரலில் ஐ.பி.எம். தன் 'சிஸ்டம் 360' வரிசையை அறிவித்தது. அதன் அடிப்படைக் கொள்கை என்ன தெரியுமா? சின்ன மெஷினுக்கு எழுதிய புரோகிராம் பெரிய மெஷினிலும் அப்படியே ஓட வேண்டும். வாடிக்கையாளர் மெஷினை மாற்றும்போது புரோகிராமை மாற்றி எழுதத் தேவையில்லை. இன்று இது சாதாரணம். அன்று அது பெரிய வாக்குறுதி.

இன்னொரு பக்கம் கண்ட்ரோல் டேட்டா என்கிற போட்டிக் கம்பெனி. அங்கே சீமோர் கிரே, ஜேம்ஸ் தார்ன்டன் இருவரும் சேர்ந்து 'சி.டி.சி. 6600' என்ற மெஷினைக் கட்டினார்கள். அன்றைய தேதியில் உலகிலேயே வேகமானது. 1963 ஆகஸ்டில் அதைப் பற்றிக் கேள்விப்பட்ட ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர், தம் அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். துப்புரவுப் பணியாளரையும் சேர்த்து 34 பேர் உள்ள ஒரு கூடத்தில் இதைச் செய்திருக்கிறார்கள், இத்தனை பெரிய நிறுவனமான நாம் எப்படிப் பின்தங்கினோம் என்பது அதன் சாரம். கம்ப்யூட்டர் வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட கோபம் அது.

ஐ.பி.எம். தன் பக்கத்திலிருந்து இறக்கிய அதிவேக விஞ்ஞானக் கணிப்பொறிதான் 'மாடல் 91'. இதன் தசமப் புள்ளிக் கணக்குப் பிரிவு, அதாவது ஃபுளோட்டிங் பாயின்ட் யூனிட்தான் டோமசுலோவின் கட்டுரைக்குப் பொருள். மெஷினின் ஒரு துடிப்பு, நாம் சைக்கிள் என்கிறோமே, 60 நானோ செகண்ட். கூட்டலுக்கு 2 சைக்கிள், பெருக்கலுக்கு 3, வகுத்தலுக்கு 12.

இங்கேதான் சிக்கல் வருகிறது. வகுத்தல் 12 சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போது கூட்டல் பிரிவு சும்மா உட்கார்ந்திருக்கலாமா? கூடாது. பின்னால் வரும் ஆணைகளில் வகுத்தலின் விடைக்குக் காத்திருக்கத் தேவையில்லாதவற்றை முன்னே அனுப்ப வேண்டும். சொல்வது எளிது. ஆனால் 360 வரிசையில் புரோகிராம் எழுதுபவருக்குக் கிடைக்கும் ஃபுளோட்டிங் பாயின்ட் ரெஜிஸ்டர்கள் மொத்தமே 4. கணக்குகளோ நூற்றுக்கணக்கில் வரும். அதே 4 ரெஜிஸ்டர்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியே ஆக வேண்டும். "சரி, 16 ரெஜிஸ்டர் வைத்துவிடுவோமே?" என்று கேட்கலாம். வைக்க முடியாது. வாடிக்கையாளரின் பழைய புரோகிராம் அப்படியே ஓட வேண்டும் என்ற வாக்குறுதி குறுக்கே நிற்கிறது.

விளக்கத்துக்காக எளிமைப்படுத்தி 4 ஆணைகளை எடுத்துக்கொள்வோம். முதல் ஆணை: அ என்பதை ஆ என்பதால் வகுத்து விடையை 'பூஜ்ய' ரெஜிஸ்டரில் போடு. இரண்டாவது: பூஜ்ய ரெஜிஸ்டரில் உள்ளதோடு இ என்பதைக் கூட்டி 2ஆம் ரெஜிஸ்டரில் போடு. மூன்றாவது: ஈ, உ இரண்டையும் கூட்டி, மறுபடியும் அதே பூஜ்ய ரெஜிஸ்டரில் போடு. நான்காவது: பூஜ்ய ரெஜிஸ்டரோடு ஊ என்பதைக் கூட்டி 4ஆம் ரெஜிஸ்டரில் போடு.

உண்மையில் மூன்றாவது ஆணைக்கும் முதல் ஆணைக்கும் எந்த உறவும் இல்லை. இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் பொது. ஆனால் மூன்றாவதை அவசரப்பட்டு முன்னே ஓட்டினால், அதன் விடை பூஜ்ய ரெஜிஸ்டரில் உட்கார்ந்துவிடும். இரண்டாவது ஆணை தவறான எண்ணை எடுத்துவிடும். போதாக்குறைக்கு 12 சைக்கிள் கழித்து வகுத்தல் முடிந்து, பழைய விடை புதிய விடையின் மேல் ஏறி உட்காரும். சி.டி.சி. 6600இல் 'ஸ்கோர்போர்டு' என்ற ஏற்பாடு இருந்தது. இப்படிப் பெயர் மோதினால் அது பின்னால் வந்த ஆணையை நிறுத்தி வைக்கும். பாதுகாப்பானதுதான், ஆனால் காத்திருப்பு அதிகம்.

டோமசுலோ என்ன செய்தார்? நம் ஊர் வங்கிகளில் முன்பு பித்தளை டோக்கன் கொடுப்பார்களே, மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பணம் எடுக்கும் சீட்டைக் கொடுத்தால் ஒரு டோக்கன் தருவார்கள். காசாளர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். டோக்கன் எண்ணைத்தான் சொல்வார். ஏன்? கூட்டத்தில் 3 முருகன் இருப்பார்கள். "முருகன், வாங்க" என்றால் 3 பேரும் எழுந்து வருவார்கள். "17ஆம் நம்பர்" என்றால் ஒருவர்தான் வருவார்.

ரெஜிஸ்டர் என்பது வெறும் பெயர், முருகன் மாதிரி. டோமசுலோ பெயரை விட்டுவிட்டு டோக்கனைப் பிடித்தார். ஒவ்வொரு கணக்குப் பிரிவின் வாசலிலும் சில காத்திருக்கும் இடங்கள் வைத்தார். அவற்றுக்கு 'ரிசர்வேஷன் ஸ்டேஷன்' என்று பெயர். கூட்டல் பிரிவுக்கு 3, பெருக்கல் வகுத்தல் பிரிவுக்கு 2. ஓர் ஆணை உள்ளே வந்ததும் ஓர் இடத்தில் போய் உட்காரும். தேவையான எண் தயாராக இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளும். தயாராக இல்லையென்றால், அதைக் கணக்கிட்டுக் கொண்டிருப்பவரின் டோக்கன் எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். ரெஜிஸ்டரும் அப்படியே: "எனக்கு வரவேண்டிய விடை இந்த டோக்கனிலிருந்து" என்று குறித்து வைத்துக்கொள்ளும். விடை தயாரானதும், 'காமன் டேட்டா பஸ்' என்ற ஒரே பாதையில், விடையும் டோக்கன் எண்ணும் சேர்ந்து ஒலிபெருக்கியில் சொல்வது போல எல்லோருக்கும் போகும். அந்த எண்ணுக்காகக் காத்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள்.

இப்போது நம் 4 ஆணைகளைப் பாருங்கள். இரண்டாவது ஆணை வகுத்தலின் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. மூன்றாவது ஆணை வந்ததும், பூஜ்ய ரெஜிஸ்டர் தன் குறிப்பை மாற்றி மூன்றாவதின் டோக்கனை எழுதிக்கொள்கிறது. மூன்றாவது ஓடுகிறது, 2 சைக்கிள். நான்காவது ஓடுகிறது, இன்னும் 2. ஆக, நடுவில் ஆகும் சில்லறை நேரத்தை விட்டுவிட்டால், 4 சைக்கிளில் அந்த ஜோடி முடிந்துவிட்டது. பிறகு 12ஆம் சைக்கிளில் வகுத்தல் விடை வருகிறது. இரண்டாவது ஆணை அதை எடுத்துக்கொள்கிறது. பூஜ்ய ரெஜிஸ்டர்? அதன் குறிப்பில் வேறு டோக்கன் இருப்பதால் இந்த விடையைத் தொடுவதே இல்லை. மோதல் தானாகத் தீர்ந்துவிட்டது. வரிசைப்படி காத்திருந்தால் அந்த நான்காவது ஆணை வகுத்தல் முடிந்த பிறகுதான் முடிந்திருக்கும். புரோகிராம் எழுதியவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. அவர் பார்ப்பது அதே 4 ரெஜிஸ்டர்கள்தான். உள்ளே ரிசர்வேஷன் ஸ்டேஷன்களே மறைமுகமான ரெஜிஸ்டர்களாக வேலை செய்கின்றன.

இதில் இன்னொரு அழகும் உண்டு. ஒரு லூப் திரும்பத் திரும்ப ஓடும்போது, ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்றின் ஆணைகள் புதிய டோக்கன்களோடு உள்ளே வந்துவிடும். இரண்டு சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று ஓடும். கட்டுரையிலேயே டோமசுலோ இதை ஓர் உதாரணத்தோடு காட்டுகிறார்.

கட்டுரையின் நடையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஆரவாரம் இல்லை. பிரச்சனை இது, எளிய வழி இது, அது ஏன் போதாது, அடுத்த வழி இது என்று படிப்படியாகக் கொண்டு போகிறார். தம் முறைக்குத் தம் பெயரை அவர் வைக்கவில்லை. 'டோமசுலோ அல்காரிதம்' என்று பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர்தான் அது. கடைசியில், கருத்தை விரித்த சகாக்களுக்கும் கட்டுப்பாட்டு லாஜிக்கை அமைத்தவருக்கும் பெயர் சொல்லி நன்றி கூறுகிறார்.

சரி, இவ்வளவு நல்ல யோசனை. உடனே உலகம் முழுவதும் பரவியிருக்குமே? அதுதான் இல்லை. மாடல் 91 கொஞ்சம்தான் விற்றது. இதன் வழியில் மாடல் 195 வந்தது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 15 ஆண்டுகள் இந்த யோசனை பெரும்பாலும் நூலகத்து அலமாரியில்தான் இருந்தது.

காரணங்கள் உண்டு. ஒன்று, செலவு. டோக்கன்களை ஒப்பிடும் சர்க்யூட்டுகள் அந்த நாளில் பலகை பலகையாக இடம் பிடிக்கும். இரண்டு, 1968இல் அறிவிக்கப்பட்ட மாடல் 85இல் கேஷ் மெமரி வந்தது. நினைவகத்துக்குக் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க அது எளிய வழியாக இருந்தது. மூன்றாவதுதான் முக்கியம். ஆணைகள் முன்பின்னாக முடிவதால், நடுவில் ஒரு பிழை ஏற்பட்டால் சரியாக எந்த ஆணையில் ஏற்பட்டது என்று மாடல் 91ஆல் சொல்ல முடியாது. "இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கேயோ" என்றுதான் சொல்லும். இதைத் துல்லியமற்ற இன்டரப்ட் என்பார்கள். விர்ச்சுவல் மெமரி வைத்த மெஷினுக்கு இது ஒத்துவராது; ஏனென்றால் நிறுத்திய இடத்திலிருந்து சரியாகத் தொடர வேண்டும். நான்கு, 1980களில் ரிஸ்க் அலை வந்தது. மெஷினை எளிமையாக வை, ஆணைகளை வரிசைப்படுத்தும் வேலையை கம்பைலர் பார்த்துக்கொள்ளும் என்பது அன்றைய பேச்சு.

அன்று யாராவது மேற்கோள் எண்ணிக்கையை வைத்து இந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் போட்டிருந்தால் என்ன போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுபிறவி 1985இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜேம்ஸ் ஸ்மித், ஆண்ட்ரூ பிளெஸ்குன் இருவரும் ஒரு கட்டுரையில் துல்லியமான இன்டரப்டுக்கு வழி சொன்னார்கள். கணக்கு எந்த வரிசையில் வேண்டுமானாலும் முடியட்டும்; ஆனால் விடைகளை ரெஜிஸ்டரில் பதிவு செய்வது மட்டும் புரோகிராம் வரிசைப்படி நடக்கட்டும். இடையில் வைத்திருக்க ஒரு வரிசைப் பதிவேடு. அதற்கு 'ரீஆர்டர் பஃபர்' என்று பெயர். சமையலறையில் எந்தப் பதார்த்தம் முதலில் வெந்தாலும் பந்தியில் பரிமாறுவது முறைப்படிதான் என்கிற மாதிரி. டோமசுலோவின் முறையில் இருந்த பெரிய ஓட்டை அடைபட வழி பிறந்தது.

அதே 1985இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யேல் பட் என்ற பேராசிரியரும் அவரது மாணவர்கள் வென்-மெய் ஹ்வு, மைக்கேல் ஷெபனோ முதலியோரும் 'எச்.பி.எஸ்.' என்ற திட்டத்தை முன்வைத்தார்கள். டோமசுலோ ஃபுளோட்டிங் பாயின்ட் பிரிவுக்கு மட்டும் செய்ததை முழு மெஷினுக்கும் விரிப்பது அதன் நோக்கம். 1987இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து குரிந்தர் சோஹியும் ஸ்ரீராம் வாஜபேயமும் எழுதிய கட்டுரை, காத்திருக்கும் இடங்களையும் வரிசைப் பதிவேட்டையும் ஒரே அமைப்பாகச் சேர்த்துக் காட்டியது. சோஹி நம் நாட்டில் பிலானி பிட்ஸில் படித்தவர். நம்மைப் போல ஒரு கல்லூரி வகுப்பறையில் உட்கார்ந்திருந்தவர்தான்.

அதற்கிடையில் இன்னொரு துணையும் வந்து சேர்ந்தது. ஆணைகளில் கிளை பிரியும் இடங்கள் அடிக்கடி வரும். எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் எவ்வளவு தூரம் முன்னே ஓட முடியும்? ஸ்மித் 1981இல் கிளை யூகம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1991இல் யேயும் பட்டும் இரண்டு நிலை யூக முறையைக் கொடுத்தார்கள். யூகம் தப்பினால் வரிசைப் பதிவேட்டில் உள்ளதை அழித்துவிட்டுத் திரும்பி வரலாம். ஆக ஒவ்வொரு கட்டுரையும் இன்னொன்றின் குறையை நிரப்பியது.

1990இல் ஹென்னஸி, பேட்டர்சன் இருவரும் எழுதிய கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பாடநூல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இருவரும் ரிஸ்க் அணியின் தலைவர்கள். ஆனாலும் டோமசுலோவின் முறைக்குப் பாடநூலில் இடம் கொடுத்து, அட்டவணை போட்டு விளக்கினார்கள். அதற்குப் பிறகு உலகம் பூராவும் மாணவர்கள் தேர்வுக்கு அந்த அட்டவணையை நிரப்பத் தொடங்கிவிட்டார்கள். நாமும் நிரப்பினோம்.

1995 நவம்பரில் இன்டெல் 'பென்டியம் புரோ' வெளியிட்டது. உள்ளே 20 இடம் கொண்ட ரிசர்வேஷன் ஸ்டேஷன், 40 இடம் கொண்ட ரீஆர்டர் பஃபர். ஐ.பி.எம்.மின் மிகப் பெரிய மெஷினில் இருந்தது சாதாரண மேஜைக் கணிப்பொறிக்கு வந்துவிட்டது. கட்டுரைக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். இன்று நம் மடிக்கணினிகளிலும், கைபேசியில் உள்ள வேகமான கோர்களிலும் ஆணைகள் இப்படி முன்பின்னாகத்தான் ஓடுகின்றன. அமைப்புகள் மாறிவிட்டன, டோக்கன் கொள்கை மாறவில்லை. இந்தத் துறையின் பெரிய விருதான எக்கர்ட் மாக்லி விருது 1996இல் பட்டுக்கும், 1997இல் டோமசுலோவுக்கும், 1999இல் ஸ்மித்துக்கும், 2011இல் சோஹிக்கும் கிடைத்தது. கட்டுரை எழுதி 30 ஆண்டு கழித்து டோமசுலோவுக்கு விருது. 2008இல் அவர் காலமானார்.

இத்தோடு முடித்தால் இது ஒரு பாராட்டுரையாகிவிடும். கணக்கில் பற்று வரவு இரண்டும் எழுத வேண்டும் இல்லையா? 2018 ஜனவரியில் 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்ற இரண்டு பாதுகாப்புக் குறைபாடுகள் வெளியாகின. நான் சொன்னேனே, தப்பான வழியில் ஓடிய ஆணைகளை அழித்துவிடுவார்கள் என்று. ரெஜிஸ்டரில் அழிகிறது. ஆனால் அவை தொட்ட தகவல்களின் சுவடு கேஷ் மெமரியில் தங்கிவிடுகிறது. ஈரத்தரையில் நடந்துவிட்டு "நான் வரவே இல்லை" என்று சொல்வது போல. எந்தத் தகவல் சீக்கிரம் வருகிறது, எது தாமதமாக வருகிறது என்று நேரத்தை அளந்தே ரகசியங்களைப் படித்துவிடலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். மெல்ட்டவுன் கட்டுரையின் பின்னணிப் பகுதியில் 1967ஆம் ஆண்டின் டோமசுலோ பெயர் வருகிறது. அரை நூற்றாண்டு கழித்து, தாக்குதலை விளக்கும் கட்டுரையும் அவரிடமிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இதற்கு டோமசுலோவைப் பொறுப்பாக்க முடியாது. கிளை யூகம் அவர் கட்டுரையின் பொருளே அல்ல. ஆனால் ஒன்று புரிகிறது. ஒரு கருத்து வெற்றி பெற்றுவிட்டால், அதை எல்லோரும் கேள்வி கேட்காமல் அடித்தளமாக்கிக் கொள்கிறோம். வேகத்துக்கு மட்டும் மார்க் போட்ட தலைமுறைகள் சுவடுகளைப் பார்க்கவில்லை. நான் சார்ந்த துறையில் இன்றும் அந்த வேலை முடிந்தபாடில்லை. உங்களில் யாராவது அதில் கை வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது 'எத்தனை பேப்பர்' என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு கட்டுரையின் தாக்கத்தை மூன்று விதமாகப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறர் அதை எடுத்துக்காட்டினார்களா? வகுப்பறையில் அதைக் கற்பித்தார்களா? யாராவது அதை வைத்து ஒன்றைக் கட்டினார்களா? மேற்கோள் எண்ணிக்கை முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும், அதுவும் தாமதமாக. டோமசுலோவின் கட்டுரையை நிலைக்க வைத்தவர்கள், அதன் குறையைக் கண்டு அடுத்த கட்டுரை எழுதியவர்களும், அதைப் பாடமாக்கிய ஆசிரியர்களும்தான். குறை இருக்கிறது என்று தெரிந்தே ஒரு கட்டுரையைக் காப்பாற்றி வைப்பதுதான் நல்ல வாசகர் செய்கிற வேலை.

வெளிப்படையாகவே சொல்கிறேன். பணம் கட்டி அச்சிடும் கட்டுரை பயோடேட்டாவில் ஒரு வரியைக் கூட்டும். நல்ல இடத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பவர், "இதில் உங்க வேலை என்ன, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டால் அந்த வரி உங்களுக்கு உதவாது. மாறாக, ஒரு பழைய கட்டுரையை முழுசாகப் படித்து, அதைப் புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரிந்த மாணவரோடு யாரும் ஒரு மணி நேரம் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள். இன்டர்வியூ எடுக்கும் மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன்.

எனவே சங்கத்துக்கும் துறைக்கும் மூன்று சின்ன யோசனைகள் வைக்கிறேன்.

முதலாவது, மாதம் ஒரு கட்டுரை. நூலகத்தில் ஒரு மேஜை, பத்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், ஒரு முன்னாள் மாணவர். நோட்ஸும் கைடும் வேண்டாம். மூலக் கட்டுரையையே படிப்பது. செலவுக்கும் பயப்பட வேண்டாம். ஏ.சி.எம். அமைப்பு 1951 முதல் 2000 வரையிலான தன் வெளியீடுகளை 2022இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. முதல் 12 மாதத்துக்கான பட்டியலைத் தயாரிக்கிற பொறுப்பையும், முதல் கூட்டத்துக்கு வருகிற பொறுப்பையும் நான் ஏற்கிறேன்.

இரண்டாவது, இறுதியாண்டு புராஜெக்டில் பழைய கட்டுரை ஒன்றைத் திரும்பச் செய்து பார்ப்பதையும் ஒரு புராஜெக்டாக ஒத்துக்கொள்ளுங்கள் சார். டோமசுலோவின் முறையைச் சில நூறு வரி புரோகிராமில் எழுதிவிடலாம். கூட்டல் பிரிவுக்கு 3 இடத்துக்குப் பதில் 5 வைத்தால் என்ன ஆகும், பஸ் ஒன்றுக்கு இரண்டானால் என்ன ஆகும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். கடையில் வாங்கி வரும் புராஜெக்டைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, என் போன்ற முன்னாள் மாணவர்களுக்கு. நாம் தினமும் எத்தனையோ சிக்கல்களை அவிழ்க்கிறோம். அவிழ்த்த கையோடு மறந்துவிடுகிறோம். 32 வயதில் ஒரு கம்பெனிப் பொறியாளர் தாம் செய்த வேலையை 9 பக்கத்தில் தெளிவாக எழுதி வைத்தார். அது ஆபீஸ் ஃபைலோடு போயிருந்தால், 18 ஆண்டு கழித்து பெர்க்லி மாணவர்கள் கையில் எடுக்க என்ன இருந்திருக்கும்? நிறுவனம் அனுமதிக்கும் அளவில், ரகசியம் இல்லாத பகுதியை, நம் கல்லூரி மாணவருக்குப் புரிகிற மாதிரி வருடத்துக்கு ஒரு முறையாவது எழுதி அனுப்புங்கள். தமிழில் எழுதினால் இன்னும் நல்லது. இந்த மலரிலேயே அதற்குப் பக்கம் ஒதுக்கச் செயலாளர் அண்ணன் மறுக்க மாட்டார்.

தம்பி தங்கைகளே, உங்கள் பாடநூலில் அந்த அட்டவணை வரும்போது, அதை 13 மார்க் கேள்வியாக மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். 4 ரெஜிஸ்டரை அதிகமாக்க முடியாது, வாடிக்கையாளரின் புரோகிராமைத் தொட முடியாது, மெஷின் மட்டும் வேகமாக வேண்டும் என்கிற கட்டாயத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்தது அது. ஒரு மாலை நேரம், பென்சிலும் கட்டம் போட்ட தாளும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சைக்கிளாக நீங்களே நிரப்பிப் பாருங்கள். எங்காவது சிக்கினால் எனக்கு எழுதுங்கள். என் முகவரி சங்க அலுவலகத்தில் இருக்கிறது.